பாய்லர்காரரின் பதினோரு கிளாஸ்

பாய்லர்காரரிடம் ஓர் அளவு கேட்டீர்களானால் நீங்கள் கேட்ட அளவு கிடைக்காது. வீட்டிலிருந்து வேலைக்கு வர எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால் ‘மூணு மணி நேரம்’ என்பார். நம்பிவிடாதீர்கள், நாற்பது நிமிடம்தான். ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் பாலத்தின் மேல் லாரி ஒன்று குடைசாய்ந்து மூன்று மணி நேரம் பிடித்தது. அதைத்தான் சொல்கிறார். மனைவிக்குக் காய்ச்சல் என்று டாக்டரிடம் அழைத்துப் போனாலும் இதே கதைதான். அப்போதிருக்கிற சூட்டைச் சொல்லாமல், முந்தின நாள் ஒரே ஒரு தடவை எகிறியதைச் சொல்லி டாக்டரைக் கலங்கடிப்பார். ‘இவர் சொல்றதை நாலால வகுத்துக்குங்க டாக்டர்’ என்று மனைவி போர்வைக்குள்ளிருந்து முனகுவாள்.

மனுஷர் பொய்யர் இல்லை. தொழில் அப்படி. நாலு ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளை வெளுக்கிற ஒரு பெரிய சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக பாய்லரைப் பார்த்துக்கொள்கிறார். துவைக்கிற இயந்திரங்களுக்கும் இஸ்திரி உருளைகளுக்கும் நீராவி அங்கிருந்துதான் போகவேண்டும். மணிக்கு ஒரு தடவை அழுத்தத்தைத் தாளில் குறிக்க வேண்டும். சேர்ந்த புதிதில், முள் நிற்கிற இடத்தைப் பார்த்துப் பார்த்து ஒழுங்காக எழுதிக்கொண்டிருந்தார். சோதனைக்கு வந்த அதிகாரி தாளைப் பார்த்ததும் குதித்தார்.

“முள் இப்ப எங்க நிக்குதுன்னு யாருய்யா கேட்டா? இந்த ஒரு மணி நேரத்துல எது வரைக்கும் ஏறிச்சு, அதை எழுது. பாய்லர் சராசரியில வெடிக்காது!”

அன்றைக்குப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவருக்கு உலகத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு அளவுதான் உண்டு: அது இதுவரை தொட்ட உச்சம்.

வழக்கு வந்த விதம் இதுதான். இஸ்திரிப் பிரிவு மேற்பார்வையாளர் ஓய்வு பெற்றார். இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் அவருக்கு விருந்து. கிளாஸ்கள் சுற்றி வந்தன. நான்கு மணிக்கு பாய்லர்காரர் தெளிவாகத்தான் படியிறங்கினார், தெளிவாகத்தான் காரை எடுத்தார். இது அவர் கருத்து. ரவுண்டானாவைத் தாண்டி ஓரமாக நின்றிருந்த வேன் ஒன்றின் பக்கவாட்டுக் கண்ணாடியைத் தெளிவாகத்தான் தட்டிவிட்டுப் போனார். அடுத்த திருப்பத்தில் போலீஸ்காரம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

“ஊதுங்க. நிறுத்தாதீங்க, இன்னும், இன்னும்.”

மூச்சு முட்டும் வரை ஊதினார். கருவி கீச்சிட்டது. அளவு எதையாவது பார்த்தால் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது அவரால்.

“மேடம், இது இப்ப நிக்கிற அளவா, இல்ல உச்சமா?”

போலீஸ்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். அனுமதித்த அளவைப்போல இரண்டு மடங்கு. லைசன்ஸ் அந்த இடத்திலேயே போயிற்று. அதற்குப் பதிலாக ஒரு மஞ்சள் தாள் கிடைத்தது.

பத்து நாள் கழித்து ஒரே தபாலில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று கோர்ட்டிலிருந்து: இந்தத் தேதியில் ஆஜராகவும். இன்னொன்று லைசன்ஸ் ஆபீசிலிருந்து: உங்கள் உரிமம் ஆறு மாதம் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது, ஆட்சேபம் இருந்தால் அந்தத் தேதிக்குள் எழுதவும். இந்தத் தேதி வேறு, அந்தத் தேதி வேறு. பாய்லர்காரர் இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தார். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

கோர்ட்டு வராந்தாவில் அவருக்கு இலவச சட்ட உதவியில் கிடைத்த வக்கீலம்மாவுக்கு வயது முப்பதுகூட இருக்காது. கையில் பதினைந்து கோப்புகள், தோளில் இரண்டு பை.

“கோர்ட்டு இன்னும் தீர்ப்பே சொல்லலியேம்மா. அதுக்குள்ள லைசன்ஸ் எப்படிப் போச்சு?”

“அது வேற சார், இது வேற. அது லைசன்ஸ் ஆபீஸ் தானா எடுக்கிற நடவடிக்கை. இது குற்ற வழக்கு.”

“தட்டினது ஒரு கண்ணாடிதானே?”

“ஒண்ணுதான்.”

“அப்ப ரெண்டு கேஸ் எதுக்கு?”

வக்கீலம்மா கோப்புகளை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டார். “உள்ள போனதும் ஜட்ஜ் கேப்பார். குற்றத்தை ஒத்துக்கிறேன்னு மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் சொல்லாதீங்க, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

ஒத்துக்கொண்டார். அத்தோடு முடிந்தது என்று எழுந்தவரை வக்கீலம்மா சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார். முடியவில்லையாம். தண்டனை சொல்வதற்கு முன்னால் ஒரு மதிப்பீடு நடக்க வேண்டுமாம். அன்றைக்கு ஏதோ தவறிக் குடித்தவரா, குடிக்கு அடிமையா என்று பார்த்து ஒருவர் அறிக்கை கொடுப்பார், அதற்கேற்ப விழிப்புணர்வு வகுப்போ சிகிச்சையோ ஜட்ஜ் உத்தரவிடுவார். நீதிபதி இதைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வழக்கின் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். பாய்லர்காரர் கும்பிடுவதா, போவதா என்று திருதிருவென விழித்தபடி வெளியே வந்தார்.

இதில் அவருக்கு லைசன்ஸ் பெரிய விஷயம் இல்லை, பஸ் இருக்கிறது. அவரைத் தூங்கவிடாமல் செய்தது சலவைக்கூட மேனேஜர் சொன்னதுதான்.

“குடிப் பழக்கத்துக்கு சிகிச்சையில இருக்கிறவர் பாய்லர்ல தனியா நிக்கக் கூடாதுங்கிறது விதி. நான் போட்ட விதி இல்லை. அறிக்கை வரட்டும். சும்மா வகுப்போட போச்சுன்னா உங்க இடம் உங்களுக்குத்தான். சிகிச்சைன்னு வந்துச்சுன்னா, இப்ப தற்காலிகமா வந்திருக்கிறவரையே நிரந்தரம் பண்ணிடுவாங்க. அதுவரைக்கும் மடிக்கிற பகுதியில இருங்க.”

ஆக, பாய்லர் திரும்பக் கிடைக்குமா கிடைக்காதா என்பது அந்த அறிக்கையில் இருந்தது.

மடிக்கிற பகுதியில் முழுக்கப் பெண்கள். ஒரு விரிப்பை இரண்டு பேர் எதிரெதிரே நின்று பிடித்து, உதறி, நடந்து வந்து மூலையோடு மூலை சேர்க்க வேண்டும். பாய்லர்காரர் இருபத்திரண்டு வருடம் சூடான பொருளை விட்டு எட்டி நின்றே பழகியவர். கையை நீட்டிக்கொண்டு தூரமாகவே நிற்பார்.

“அண்ணே, அது துணி. வெடிக்காது. கிட்ட வாங்க,” என்பாள் எதிரே நிற்பவள். கூடமே சிரிக்கும். அவரும் சிரித்துவைப்பார். ஆனால் காது முழுக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும். தண்ணீர் பம்பு அடிக்கடி ஓடுகிற சத்தம் கேட்டால், புது ஆள் என்னமோ தப்பாகச் செய்கிறான் என்று கையெல்லாம் பரபரக்கும்.

மதிப்பீடு ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் நடந்தது. மதிப்பீடு செய்கிற அம்மாவுக்கு அன்றைக்குக் கடுமையான ஜலதோஷம். நாலு பக்கப் படிவத்தை நீட்டி, “எது சரியோ அதை எழுதுங்க. மறைக்காதீங்க,” என்று சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

மறைக்காதீங்க. அந்த ஒரு சொல் போதாதா அவருக்கு? அரசாங்கத் தாள், கட்டம் போட்டிருக்கிறது, அளவு கேட்கிறது. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

‘குடிக்கும் நாளில் எத்தனை கிளாஸ்?’ யோசித்தார். ஒன்பது வருடத்துக்கு முன்னால் மைத்துனர் புது வீட்டுக்குக் குடிபோன அன்று, மைத்துனர் விடாமல் ஊற்றி ஊற்றி, பதினொன்று. எழுதினார்: பதினொன்று. ‘காலையில் குடித்ததுண்டா?’ ஒருமுறை ரயிலில், பக்கத்து இருக்கைக்காரர் நீட்டியபோது. ஆம். ‘நடந்தது நினைவில்லாமல் போனதுண்டா?’ மைத்துனர் வீட்டு விஷயத்தில் பாதி நினைவில்லை. ஆம். ‘குடியால் வேலைக்குப் போகாமல் இருந்ததுண்டா?’ அதற்கு மறுநாள். ஆம். முப்பது கேள்வியில் இருபத்தாறுக்கு ஆம் போட்டுவிட்டு, கையெழுத்தும் போட்டு, ஒழுங்காக ஒரு வேலையை முடித்த திருப்தியோடு படியிறங்கினார்.

மூன்று வாரம் கழித்து வராந்தாவில் அறிக்கையைப் படித்த வக்கீலம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் அவருக்கு உறைத்தது.

“சார், தீவிர அடிமைன்னு போட்டிருக்காங்க. ஆறு வாரம் உள்ளேயே தங்கி சிகிச்சை. ஒரு நாளைக்குப் பதினோரு கிளாஸா குடிக்கிறீங்க?”

“அய்யய்யோ, அது அதிகபட்சம்மா.”

“என்ன அதிகபட்சம்?”

அவர் பாய்லரைப் பற்றி விளக்கினார். முள், தாள், குதித்த அதிகாரி என்று எல்லாவற்றையும் சொன்னார். வக்கீலம்மா கோப்புகளைப் பெஞ்சில் வைத்துவிட்டு அப்படியே தலையில் கைவைத்துக்கொண்டார். அழுகிறாரோ என்று பயந்து பார்த்தால், தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நீதிபதி சிரிக்கவில்லை. அவருக்கு அன்று அது நாற்பதாவது வழக்கு.

“நீங்க எழுதினதெல்லாம் பொய்யா?”

“இல்லைங்கய்யா. எல்லாம் உண்மை.”

“அப்ப என்ன பிரச்சினை?”

“எல்லாமே ஒரு தடவைதாங்கய்யா.”

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். வக்கீலம்மா குறுக்கே புகுந்து, மறுமதிப்பீடு வேண்டும் என்று கேட்டார். சரி, ஆனால் இந்த முறை வீட்டிலிருந்து ஒருவரும் வந்து பேச வேண்டும், இவருடைய கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு என்னால் எதுவும் செய்ய முடியாது என்றார் நீதிபதி. பாய்லர்காரருக்கு உயிர் வந்தது. நாலால் வகுக்கிறவள் வீட்டிலேயே இருக்கிறாளே! அவள் வந்து இரண்டு வார்த்தை சொன்னால் பாய்லர் திரும்பி வந்த மாதிரிதான்.

மனைவி ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, வெளுத்த நீலப் புடவையில் வந்தாள். மதிப்பீடு செய்கிற அம்மாவுக்கு ஜலதோஷம் போய்விட்டிருந்தது. இந்தத் தடவை படிவம் இல்லை, நேருக்கு நேர் பேச்சு.

“உச்சம் வேண்டாம் சார். இந்த கேசுக்கு முந்தின மாசம், சாதாரண ஒரு நாள். எத்தனை?”

“ரெண்டு மேடம்.” இதைச் சொல்லும்போது அவருக்கு ஏதோ அரைகுறையாக வேலை செய்கிற கூச்சம்கூட வந்தது. “சாயங்காலம், செய்தி பார்க்கும்போது. அவ்வளவுதான்.”

“நீங்க சொல்லுங்கம்மா.”

மனைவி மடியில் இருந்த பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“நாலு,” என்றாள். “ஞாயித்துக்கிழமை ஆறு.”

தப்பாகப் புரிந்துகொண்டுவிட்டாள் என்றுதான் நினைத்தார். “ஏம்மா, உச்சம் கேக்கல. சாதாரண நாள்.”

“சாதாரண நாளைத்தாங்க சொல்றேன். செய்தி பார்க்கும்போது ரெண்டு. அப்புறம் நான் சமையல்கட்டுல இருக்கும்போது ரெண்டு. சாப்பிட்டுட்டு நாற்காலியிலேயே தூங்கிடுவீங்க.”

“உங்களுக்கு எப்படி இவ்வளவு சரியாத் தெரியும்மா?” என்று கேட்டார் மதிப்பீடு செய்கிற அம்மா.

“பாட்டில் நான்தானே வாங்கி வெக்கிறேன்.” அவள் குரல் இறங்கிவிட்டது. “ஒரு தடவை தீர்ந்துபோச்சுன்னு குடிச்சதோட காரை எடுத்துக்கிட்டுப் போனாரு. திரும்பி வர்றதுக்குள்ள எனக்கு உயிரே போயிடுச்சு. அதுக்கப்புறம் தீர விடுறதில்லை. மூணு நாளைக்கு ஒரு பாட்டில், வேலை விட்டு வரும்போது பிராந்திக் கடையில வாங்கிட்டு வந்து, அலமாரியில இருக்கிறதுல குறையக் குறைய ஊத்தி வெச்சுடுவேன். பத்து வருஷமா.”

பாய்லர்காரர் பேயறைந்தது போல உட்கார்ந்திருந்தார். அலமாரியில் இருக்கிற பாட்டில் காலியாகி அவர் பார்த்துப் பல வருடம் ஆகிறது. எப்போது திறந்தாலும் பாதிக்கு மேல் இருக்கும். அளவாகக் குடிக்கிறவன் வீட்டில் பாட்டில் தீராது என்று அவரே பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். இருபத்திரண்டு வருடம் அளவு பார்த்தே பிழைத்த மனுஷருக்கு இது தோன்றவில்லை பாருங்கள்.

இருவரும் பஸ்ஸில் திரும்பினார்கள். இறங்கி நடக்கும்போதுதான் வெடித்தார்.

“ரெண்டுன்னு சொல்லியிருந்தா என்ன? வேலை போயிடும்னு தெரியும்தானே?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

“நான் பொய் சொல்லணுமா?”

அவருக்குக் கோபம் வந்தது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் வீடு வரை இரண்டடி முன்னால் நடந்தார். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, மூன்றாவது கிளாஸை நினைவுக்குக் கொண்டுவர முயன்று பார்த்தார். செய்தி நினைவில் இருந்தது, முதல் இரண்டு கிளாஸ் நினைவில் இருந்தது. அதற்கு மேல் ஒன்றுமே இல்லை. தட்டில் என்ன இருந்தது, அவள் என்ன பேசினாள் என்பதுகூட இல்லை. ஒரு நாள் இரண்டு நாள் என்றால் மறதி என்று விட்டுவிடலாம். பத்து வருடச் சாயங்காலங்கள் எங்கே போயின? இது அவளுடைய கணக்குப் பிழையா, தன்னுடைய கணக்குப் பிழையா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

இரண்டாவது அறிக்கையை வக்கீலம்மா கவனமாகப் படித்துச் சொன்னார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

“அடிமைன்னு முடிவா எழுதல. நீங்க சொன்ன கணக்கும் உங்க வீட்டம்மா சொன்ன கணக்கும் வேற வேறன்னு ரெண்டையும் எழுதியிருக்காங்க. ரெண்டுன்னா பத்து வகுப்பு, அதோட சரி. நாலுன்னா எட்டு மாசம் சிகிச்சை, வாரத்துக்கு ரெண்டு நாள். எதை எடுத்துக்கிறதுன்னு ஜட்ஜ் உங்களைத்தான் கேப்பார் சார். வீட்டம்மா கொஞ்சம் கூட்டிச் சொல்லிட்டாங்கன்னு நான் வாதாடலாம். எல்லா வீட்லயும் நடக்கிறதுதான். நான் பேசட்டுமா?”

பாய்லர்காரர் திரும்பிப் பார்த்தார். மனைவி வராந்தாவின் கடைசி பெஞ்சில், கேட்காத தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். கேட்டிருந்தாலும் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். அது அவருக்கு நிச்சயமாகத் தெரியும். பத்து வருடம் தானாகச் சொல்லாதவள் இப்போதா சொல்லப் போகிறாள்?

உள்ளே எண்ணைக் கூப்பிட்டார்கள். நீதிபதி அறிக்கையைப் புரட்டினார்.

“இதுல ரெண்டு கணக்கு இருக்கு. எது சரி?”

வக்கீலம்மா எழுந்தார். பாய்லர்காரர் அவரை முந்திக்கொண்டார். என்ன சொல்லப்போகிறோம் என்று அவருக்கே தெரியாது.

“எனக்கு ரெண்டுதாங்கய்யா ஞாபகம் இருக்கு. சத்தியமா ரெண்டுதான் ஞாபகம் இருக்கு.” வராந்தாப் பக்கம் கையைக் காட்டினார். “ஆனா அவ முழிச்சிருந்தா. நான் இல்லை. அவ சொன்னதையே எழுதிக்குங்க.”

“அப்படின்னா எட்டு மாச சிகிச்சைன்னு ஆகும். புரியுதா?”

“புரியலைங்கய்யா. எதுவும் புரியல. ஆனா அதையே எழுதிக்குங்க.”

நீதிபதி தட்டச்சு செய்பவரிடம் உத்தரவைச் சொல்ல ஆரம்பித்தார். எட்டு மாதம், வாரம் இரு நாள், அறிக்கை மாதம் ஒன்று, அடுத்த தேதி. இயந்திரம் கடகடவென்று ஓடியது. பாய்லர் போய்விட்டது. இனி வேலை என்றால் விரிப்பும் மூலையும்தான். துக்கமாக இருந்தது, அதோடு கூட வேறு என்னவோ ஒன்றும் இருந்தது. அதற்கு என்ன பேர் என்று அவருக்குத் தெரியவில்லை.

வெளியே வந்தபோது மனைவி எழுந்து நின்றிருந்தாள். வக்கீலம்மா முன்னாலேயே போய்ச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சத்தமே வரவில்லை. சம்பந்தமில்லாத கேஸ்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாய்லர்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வேலை போனதற்கு அழுகிறாளா? தான் சொன்னதால் ஆயிற்று என்று அழுகிறாளா? பக்கத்தில் போய் நின்றார்.

“எதுக்கு அழறே? சொல்லு. எனக்குப் புரியல.”

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். பிறகு, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல மெதுவாகக் கேட்டாள்.

“இனிமே நான் அந்தக் கடைக்குப் போக வேண்டாம்தானே?”